வெயிலில் காயவைத்த இமயமலை

வேனின் பானெட் மேல் அப்பாவின் எட்டு முழ வேட்டி விரித்திருந்தது. அதன் மேல் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் மூன்று நீள நாடாக்கள். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் வரிசையாகக் கூழாங்கற்கள். பக்கத்தில் கையில் துண்டோடு அப்பா நின்று காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று நாடாக்களில் இமயமலை இருந்தது. கங்கையும் நர்மதையும் இருந்தன. பம்பாயும் டில்லியும் இருந்தன. முப்பத்து நாலு நாட்கள் நாங்கள் கண்ட அத்தனையும் கர்நூலுக்கு இந்தப்பக்கம் ஒரு புளியமரத்தடி ஓரமாக, உச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அப்பா சிரித்தார். குடும்பத்தைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டவரின் சிரிப்பு.

"நல்ல வேளைக்குப் பாத்தேம்மா. மூணும் நமுத்துப் போயிருந்துச்சு. இன்னும் அரை மணி நேரம் வெயில் ஏறுனாப் போதும், மொறுமொறுன்னு ஆயிரும்."

தண்ணீர்க் குடத்தை அப்படியே போட்டுவிட்டு நான் பானெட்டை நோக்கி ஓடினேன்.

இருந்தால் போட மாட்டேனா?

இரண்டு வாரமாக இந்தத் தொடரில் அந்த வடநாட்டுப் பயணத்தைத் தொட்டுத் தொட்டு எழுதி வருகிறேன். படித்துவிட்டு ஒரு வாசகர் கோபமாகவே கேட்டிருக்கிறார். "தினம் ஒரு படம் எடுத்தோம் என்று பெருமை பேசுகிறீர்களே, ஒரு படத்தையாவது போடக் கூடாதா? பத்திரிகையில் இடமில்லையா, உங்களுக்கு மனமில்லையா?"

இடமும் இருக்கிறது, மனமும் இருக்கிறது ஐயா. இருந்தால் போட மாட்டேனா? படம் இல்லாத கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொல்

எங்கள் பக்கத்தில் பாம்பைக் கண்டு பயப்படாதவர்கள் உண்டு. ஈரத்தைக் கண்டு பயப்படாதவர் கிடையாது.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. பருத்திக் காட்டுக்கு நடுவில் எட்டி எட்டி ஆறு ரூம், ஒரு கிணறு, காயப்போடுகிற மேடை. அவ்வளவுதான். அங்கே மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்து இல்லை, பட்டாசுக்குள் போகிற மருந்து. அது காய்ந்திருக்க வேண்டும். திரி காய வேண்டும், குழல் காய வேண்டும், ஒட்டிய லேபிள் காய வேண்டும். காயாத எதற்கும் ஒரே பெயர், நமுத்துப் போச்சு.

அந்தச் சொல்லை அப்பா வீட்டிலும் விடமாட்டார். அத்தை எடுத்து வைத்த பிஸ்கட் நமுத்துப் போகும். தபாலில் வந்த கடிதம் நமுத்துப் போகும். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் நான் குறைந்த மார்க் வாங்கி வந்தபோது, "படிப்பு நமுத்துப் போச்சு போலயே" என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான், வெயிலில் போடுவது. மழையில் நனைந்த என் சரித்திர நோட்டைக்கூட அப்படித்தான் காப்பாற்றிக் கொடுத்தார். எழுத்து மங்கியது, ஆனால் தாள் அப்பளம்போல ஆகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஈர ஃபிலிம் கிடைத்தால் என்ன செய்வார்?

சாவி யாரிடம்?

கோடை வந்தால் அப்பா தீபாவளி ஆர்டர் பிடிக்க வடக்கே போவார். வருஷா வருஷம் ரயிலில்தான். நான் பள்ளியிறுதி முடித்து வீட்டில் இருந்த வருஷம் பழைய வேன் ஒன்று வாங்கினார். வழியெல்லாம் ஊர் ஊராக இறங்கி ஏஜெண்டுகளைப் பார்க்கலாம், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது திட்டம்.

குடும்பத்திலேயே போகத் தவித்தவள் அம்மா. எங்கள் கம்பெனியின் தரைச்சக்கரப் பெட்டி லேபிளில் ஒரு பனிமலை உண்டு. அந்த லேபிளைப் பல வருஷமாக ஒட்டியவளும் ஒட்டவைத்தவளும் அவள்தான். "இது நெசமாவே இப்படித்தான் இருக்குமா, இல்ல பிரஸ்ஸுக்காரன் இஷ்டத்துக்குப் போட்டு வெச்சிருக்கானா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள். யாருக்கும் தெரியாது. மதுரைக்கு வடக்கே போனவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சாப்பிட்டுக்கொண்டே அப்பா கேட்டார். "கம்பெனிச் சாவியை யாருகிட்ட குடுத்துட்டுப் போக?"

சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகிற தொழில் இல்லை அது. எந்த ரூமில் எவ்வளவு மருந்து, யார் கை பதறும், யார் கால் நிலத்தில் நிற்காது என்றெல்லாம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா.

அம்மா குழம்பு ஊற்றினாள். "எங்கிட்ட குடுங்க" என்றாள்.

அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். சண்டை ஒன்றும் இல்லை. பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் இருந்துவிட்டார்கள்.

மறுநாள் அம்மா என்னை அழைத்தாள். விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்த அவளுடைய தம்பியிடமிருந்து ஒரு பெட்டிக் கேமராவும் மூன்று ரோலும் வாங்கி வைத்திருந்தாள். அப்போது ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரோலுக்குப் பன்னிரண்டு படம்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்கு ஒண்ணு. ஒண்ணுக்கு மேல எடுக்கப்படாது, எடுக்காமலும் இருக்கப்படாது. ஆளுக வேண்டாம். உங்க மூஞ்சிய நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மலை, ஆறு, ஊரு. நீ பாத்த வரிசையில நானும் வீட்ல இருந்தே பாத்துக்கிடுதேன்."

நாளைக்கு ஒண்ணு

அப்பா, அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை, நான், வேன் ஓட்டிய சுப்பையா அண்ணன். நாலு பேரும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் கிளம்பினோம். பின்னால் சாம்பிள் பெட்டிகள். அந்தப் பெட்டிகளால் பட்ட பாடு தனிக் கதை. டில்லியில் ஒருவர் வேனில் சாய்ந்துகொண்டு சிகரெட் பற்றவைத்தார். அப்பா "ஏலே! ஏலே!" என்று கத்திக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடியதைப் பார்த்து அந்த மனிதர் சிகரெட்டையும் போட்டார், கையிலிருந்த பையையும் போட்டார்.

ஒரு நாளைக்கு ஒரு படம் என்பது கேட்கச் சுலபம். காலையில் ஒரு பாறை மலையைப் பார்த்து மயங்கி எடுத்துவிட்டால், மத்தியானம் அதைவிடப் பெரிய மலை வந்து நிற்கும். சரி, இன்றைக்குப் பொறுத்திருப்போம் என்று சாயங்காலம் வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தால் வெறும் சோளக்காடுதான் மிஞ்சும். பெங்களூரைத் தாண்டுவதற்குள் எனக்குப் புத்தி வந்துவிட்டது. மூச்சு ஒரு நிமிஷம் நின்றால் எடு, நிற்காவிட்டால் எடுக்காதே. இதுதான் நான் வைத்துக்கொண்ட கணக்கு.

ஆனால் மேற்கு மலைத்தொடரில் இறங்கும்போது அந்தக் கணக்கும் உதவவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மூச்சு நின்றது. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கீழே கிடந்தது. மேகத்தை மேலிருந்து பார்க்க முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. சுப்பையா அண்ணன் வேனை நிறுத்திவிட்டு, "மொதலாளி, நாம செத்துகித்துப் போகலையே?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தைக்கு மட்டும் தீராத வருத்தம். "ஆளில்லாத படம் எதுக்குட்டி? நான் வந்தேன்னு ஊர்ல எவ நம்புவா?" என்று தினமும் கேமராவுக்கு முன்னால் வந்து நிற்பாள். பம்பாயில் கடற்கரைச் சாலையின் மாடிக் கட்டடங்களை எடுக்கப் போனேன். குனிந்து கேமராவின் கண்ணாடியில் பார்த்தால் பம்பாயை மறைத்துக்கொண்டு அத்தை நிற்கிறாள். கையைப் பிடித்து இழுத்து ஓரமாக விட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நர்மதையைப் பார்த்த இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆறு என்றால் மணல். வைப்பாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் பேசும். நர்மதை வெயில் காலத்திலும் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அப்பா கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏலே சுப்பையா, இது தெனமும் இப்படித்தான் போகுமா?"

"அப்படித்தான் சொல்லுதாக, மொதலாளி."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியிலயும்தான்."

அப்பா தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். ஈரத்தைக் கண்டால் முகம் சுளிக்கிற மனிதர், அன்றைக்குக் கையைத் துடைக்கவே இல்லை.

டில்லியில் ஒரு சந்துக்குள் ஏஜெண்டின் கடை. கண்ணாடி அலமாரியில் எங்கள் சக்கரப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அம்மா ஒட்டியதோ, அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒட்டியதோ. தாயில்பட்டி மேடையில் காய்ந்த பெட்டி இத்தனை தூரம் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைய படத்தை அதற்கே செலவழித்தேன்.

பனி

முசௌரிக்கு மேலே ஒரு மேடு. முதல் நாள் முழுக்கப் புகைமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ஒரு மழை கொட்டியது. விடியற்காலை சுப்பையா அண்ணன் வந்து எழுப்பினார். வாய் குழறியது அவருக்கு. "வந்து பாருங்க, வந்து பாருங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

வெளியே வந்தேன். மலையைத் தேடினேன். எங்கே மலை இருக்கும் என்று நினைத்தேனோ அங்கே இல்லை. அதற்கும் மேலே, வானம் என்று நான் நினைத்திருந்த இடத்தில் இருந்தது. வெள்ளையாக, வரிசையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. நான் அழுதேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அத்தை கும்பிட்டாள். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றார். சாமி பக்தியாக்கும் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் இரண்டு செருப்பையும் சேர்த்து, சுவர் ஓரமாக, வாரை உள்ளே மடித்து வைத்திருக்கிறார். கம்பெனியில் மருந்து ரூமுக்குள் நுழையும்போது அவர் வைக்கிற மாதிரி.

"ஏம்ப்பா?"

"தெரியலம்மா. கால் தானாக் கழட்டிருச்சு. இங்கன சும்மா மிதிக்கப்படாதுன்னு தோணுச்சு."

கேமராவை மதில்மேல் வைத்து எடுத்தேன். அன்றைக்கு அத்தைகூடக் குறுக்கே வரவில்லை. "ஒங்கம்மாவுக்கு இதைக் காட்டுனாப் போதும்டி. மத்ததெல்லாம் தண்டம்" என்றாள்.

புளியமரத்தடியில்

இனி பானெட்டுக்கு வருகிறேன்.

திரும்பும் வழியில் ஒரு காட்டாறு. பாலம் இல்லை, தரையோடு போட்ட சிமெண்ட் பாதை மட்டும். மேலே எங்கேயோ மழை பெய்து தண்ணீர் திடீரென்று ஏறிவிட்டது. சுப்பையா அண்ணன் வேனை எப்படியோ கரையேற்றினார். ஆனால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். முடிந்த இரண்டு ரோலும் இருந்த துணிப்பை நனைந்துவிட்டது. கேமரா என் மடியில் இருந்ததால் தப்பியது. ரோல்கள் இறுக்கமாகச் சுற்றி ஒட்டியிருந்தன, ஓரம் மட்டும்தான் ஈரம். உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

மறுநாள் புளியமரத்தடியில் சமையலுக்காக நிறுத்தினோம். நானும் அத்தையும் கிணறு தேடிப் போனோம். திரும்பி வருவதற்குள் அப்பா பையைத் திறந்து தடவிப் பார்த்திருக்கிறார். நமுத்திருக்கிறது. இரண்டு ரோலையும் பிரித்து, கறுப்புத் தாளைத் தனியாகவும் ஃபிலிமைத் தனியாகவும் விரித்திருக்கிறார். அப்புறம் அவருடைய நிதானமான புத்தி வேலை செய்திருக்கிறது. பைக்குள்ளேயே ஈரம் இறங்கியிருந்தால் பெட்டிக்குள்ளும் இறங்கியிருக்காதா? கேமராவையும் திறந்து மூன்றாவதையும் எடுத்து வைத்துவிட்டார்.

"வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சுப்பா!" என்று கத்தினேன்.

அப்பா துண்டை இறக்கினார். "வெளிச்சம் இல்லாட்டிப் படம் விழாதுன்னு நீதானம்மா சொன்னே?"

சொன்னேன்தான். தினமும் சொன்னேன். பொழுது சாயுமுன் எடுக்க வேண்டும், வெளிச்சம் போய்விட்டால் படம் விழாது என்று வேனை நிறுத்தச் சொல்லித் தொல்லை செய்ததே நான்தான். எடுக்கும்போது வெளிச்சம் வேண்டும், எடுத்த பிறகு ஆகாது என்று பதில் சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டியது. கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அப்பா பானெட்டைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மூன்று நாடாவையும் மெதுவாகச் சுற்றினார்.

"ஒண்ணுகூடத் தேறாதா?"

"தேறாது."

"அந்தப் பனி?"

நான் திறந்து கிடந்த கேமராவை மூடினேன்.

"படத்துல நானும் இல்ல, மலையும் இல்ல. சரியாப் போச்சு" என்றாள் அத்தை. யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

மதுரை வந்ததும் அப்பா திரும்பி, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ சொல்லாதே" என்றார். ஏஜெண்டு, இன்ஸ்பெக்டர் என்று எவருக்கும் அஞ்சாத மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டு வாசல்

வாசலில் நின்ற அம்மா மெலிந்திருந்தாள். அப்பா இறங்குவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"நாலாம் ரூம் போச்சு. பத்து நாளாச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல."

"எப்படி?"

"கோடை மழையில ஈரப்பட்ட மருந்து. சூடேறிருச்சு."

அப்பா கம்பெனிக்குப் போய்ப் பார்த்தார். சுவர் நின்ற இடத்தில் கரி. எத்தனை சரக்கு போயிற்று, ரூமை எப்போது எழுப்பலாம் என்று நாலு கேள்வி. அம்மா நாலு பதில். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் கேட்டாள். "படமெல்லாம் கழுவி எப்ப வரும்?"

"வராது" என்றார் அப்பா. "ஈரமா இருந்துச்சு. நான் வெயில்ல போட்டுட்டேன். எல்லாம் போச்சு."

அம்மா அவரைப் பார்த்தாள். "ஈரமாவா இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அங்கே ஒரு புது ஆல்பம் இருந்தது. தெரிந்த பிரஸ்ஸில் சொல்லி, முப்பத்தாறு கறுப்பு அட்டை வைத்துத் தைத்து வாங்கியிருக்கிறாள். அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து பீரோவின் மேல் எடுத்து வைத்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மனசு கேட்காமல் மூன்று ரோலையும் விருதுநகர் ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவிப் பார்த்தோம். முழுக்கக் கறுப்பு.

அப்பா காட்டிய படங்கள்

நாங்கள் ஊர் வந்த மறுநாள் சாயங்காலம் அம்மா பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்த அப்பா குளித்துவிட்டு நேராக அங்கே போய் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொதப் படம். அது ஒரு மலை."

அம்மா நிமிர்ந்தாள்.

"பாறை மலை. ஒசரம். மேல ஒரு கோயில்." அவ்வளவுதான் வந்தது. சரக்குச் சீட்டு வாசிப்பது போல வாசித்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"என்ன நெறம்?" என்றாள் அம்மா.

"பாறை நெறம்தான்."

"காலையிலயா, சாயங்காலமா? நெழல் எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

அப்பா யோசித்தார். யோசிக்க யோசிக்கத்தான் அவருக்கே மலை தெரிந்தது போலிருக்கிறது. மெல்ல மெல்லச் சொன்னார். இருட்டு வந்து விளக்குப் போடுகிற வரை ஒரு மலைக்கே ஆயிற்று.

மறுநாள் இரண்டாம் படம். அதற்கு மறுநாள் மூன்றாவது. நாளைக்கு ஒன்று, நான் எடுத்த அதே வரிசை. பேசத் தெரியாத மனிதர் தெரிந்த தொழிலை வைத்துப் பேசக் கற்றுக்கொண்டார். மேற்கு மலையின் பச்சை எப்படிப்பட்டது என்று அம்மா கேட்டால், "நம்ம பச்சை மத்தாப்பு இல்ல. அது கண்ணைக் குத்தும். இது மத்தாப்பு அணைஞ்ச பொறவும் கண்ணுக்குள்ள நிக்குமே, அந்தப் பச்சை" என்பார். பம்பாயின் சாயங்காலத்துக்கு ஒரு சிவப்பு. நர்மதைக்கு மட்டும் உவமை கிடைக்காமல் திண்டாடினார். "அது பாட்டுக்குப் போகுது. அம்புட்டுத் தண்ணியும் சும்மாப் போகுது" என்று கையை விரித்தார். அம்மா உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

டில்லிக் கடைப் படத்துக்கு அம்மா சிரித்தாள். "ஊரைப் பாக்கச் சொன்னா நம்ம பெட்டியவா படம் புடிச்சீக?"

ஒருநாள் அவர் சொன்ன அருவியை நாங்கள் பார்க்கவே இல்லை. உண்மையில் நான் எடுத்த அந்தப் படம் ஒரு ரயில்வே கேட். நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, அது" என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இருட்டி" என்றாள் அம்மா. "படம் அவுகளுது."

பனிமலையை அப்பா சொன்ன அன்று நானும் அத்தையும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டோம். "அலுமினியப் பவுடரை மூட்டை மூட்டையா வானத்துல கொட்டி வெச்ச மாதிரி. ஆனா ஒரு பொட்டுக்கூட பறக்கல" என்றார். நேரில் பார்த்தபோது வராத ஏதோ ஒன்று அவர் சொன்னபோது எனக்கு வந்தது. இமயமலையைப் பார்த்து வாயடைத்தேன் என்றால், இந்த மனிதர் பேசுவதைப் பார்த்து அதைவிட அதிகமாக வாயடைத்தேன். உண்மையாகச் சொல்கிறேன்.

முப்பத்தைந்தாம் நாள்

முப்பத்து நாலு நாளில் முப்பத்து நாலு படமும் தீர்ந்தது. அதற்கு மறுநாளும் சாயங்காலம் அப்பா மணையைப் போட்டு உட்கார்ந்தார். வெறும் பழக்கம். உட்கார்ந்த பிறகுதான் சொல்ல ஒன்றும் இல்லை என்பது அவருக்கே உறைத்தது.

"அம்புட்டுத்தான்" என்றார். "நேத்தோட முடிஞ்சு போச்சு."

எழுந்திருக்கப் போனார். அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க இல்லாதப்ப நானும் ஒண்ணு பாத்தேன்."

"என்னத்த?"

"நாலாம் ரூம்."

"அதான் வந்த அன்னைக்கே சொன்னியே."

"போச்சுன்னுதான் சொன்னேன். பாத்ததைச் சொல்லல."

அப்பா மறுபடி உட்கார்ந்தார்.

"மத்தியானம் மேற்க கறுத்துக்கிட்டு வந்துச்சு. தூறல் விழவும் மேடையில கெடந்ததை எல்லாம் ஓடி ஓடி உள்ள வெச்சாக. அவசரத்துல ஈரப்பட்ட மருந்துத் தட்டு ரெண்டும் நாலாம் ரூமுக்குள்ள போயிருச்சு. சீசன் சரக்கு அம்புட்டும் அதுலதான் இருக்கு. கொஞ்ச நேரங்கழிச்சு அந்தப் பக்கமாப் போறேன், மூத்திர நெடி அடிக்குது."

அப்பா முதுகு நிமிர்ந்தது. ஈரப்பட்ட மருந்து உள்ளுக்குள் சூடேறும்போது அந்த நெடிதான் வரும். எங்கள் பக்கத்தில் அது தெரிந்த மூக்கை ஓடச் சொல்லும் நெடி.

"சொவத்துல கைய வெச்சேன். சுட்டுச்சு. கத்துனேன். எல்லாரையும் பருத்திக் காட்டுக்கு அந்தப்பக்கம் வெரட்டுனேன். ஒவ்வொரு ரூமாப் போயி ஆள் இல்லைன்னு பாத்துட்டு நான் கடைசியா ஓடுனேன். கெணத்து மேட்டுல ஏறித் திரும்பிப் பாக்கேன்."

அவள் மடியில் கிடந்த வெங்காயத் தோலை உதறினாள்.

"மேற்க மேகம் கன்னங்கரேல்னு நிக்கி. மொதல்ல பூச்சட்டி. ஒண்ணு ரெண்டு இல்ல, அம்புட்டும் ஒரே நேரத்துல. கூரை எங்க போச்சுன்னு தெரியல. பொறவு சக்கரம், வானத்துல சுத்துது. பொறவு வாணம். நூறு நூறாக் கெளம்பி அந்தக் கறுப்பு மேகத்துக்குள்ள போயி வெடிச்சுப் பச்சையா, செகப்பா, வெள்ளையா இறங்குது. காடெல்லாம் பகல்லயே நெறம் மாறிருச்சு. இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, செய்யுதோம், பெட்டியில அடைக்கோம், எவனெவனோ ஊர்ல பாக்கான். நாம செஞ்சதை மொத்தமா நான் ஒருநாளும் பாத்ததில்ல."

"ம்."

"எல்லாரும் தலையில அடிச்சு அழுதாக. நானும் அழுதேன். எம்புட்டு ஒழைப்பு! ஆனா அழுதுக்கிட்டே பாத்துக்கிட்டு நிக்கேன்." அவள் குரல் இறங்கியது. "அம்புட்டு அழகா இருந்துச்சுங்க. கண்ணை எடுக்க முடியல. போயிருமே போயிருமேன்னு இருந்துச்சு. இதை யாருகிட்டச் சொல்ல? நஷ்டத்தைப் பாத்து அழகுன்னு சொன்னாப் பைத்தியம்னு சொல்ல மாட்டாகளா?"

போனது அவர் சீசன். எரிந்தது அவர் ரூம். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் மணையை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றார். "அவசரப்படாமச் சொல்லு."